நிறுத்திய வண்டியும் நிறுத்தியவர் பொறுப்பும்

இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து போன பின்னும் ஒருவர் மட்டும் பள்ளிவாசல் தாழ்வாரத்துத் தூணோரம் உட்கார்ந்திருந்தார். நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்த லாரி டிரைவர். பதினாறு வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறவர். மோதினார் விளக்குகளை அணைக்க வந்தபோதுதான் எழுந்து என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கோணுமுங்க."

"உட்காருங்க தம்பி, கேளுங்க."

வடக்கே லோடு இறக்கிவிட்டுத் திரும்பி வரும் வழியாம். நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. கிளீனர் இல்லை, இப்போதெல்லாம் பல முதலாளிகள் கிளீனர் வைப்பதில்லை. கண் சொருகிக்கொண்டு வந்தது. இனி ஓட்டினால் யாரையாவது கொன்றுவிடுவோம் என்று பயந்து வண்டியை ஓரம் கட்டினார். ஓரம் என்றாலும் முழு ஓரம் அல்ல. வலப்பக்கச் சக்கரங்கள் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேதான் நின்றன. பேட்டரி ஏற்கெனவே சோர்ந்திருந்ததால், காலையில் ஸ்டார்ட் ஆகாது என்று எல்லா விளக்கையும் அணைத்தார். வழக்கம்போல் இரண்டு கல்லை எடுத்துப் பின்னால் வைத்து, ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துப் பின்கதவில் செருகிவிட்டுப் படுத்தார்.

விடிவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து பின்னால் மோதியது. வந்தவர் அங்கேயே இறந்துபோனார்.

"கேஸ் முடிஞ்சுதுங்க. இன்சூரன்ஸ் பணமும் அவங்க ஊட்டுக்குப் போயிருச்சுங்க. ஆனா நான் கொலைகாரனுங்களா ஹஜ்ரத்? ரெண்டு மாச நோன்பு எம்மேல கடமையா இருக்குதுங்களா? நான் தூங்கிட்டுத்தானுங்க இருந்தேன்."

உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஓதிய காலத்தில் மேலோட்டமாகக் கடந்து வந்த பாடங்களைக் கிதாபைத் திறந்து மறுபடி பார்த்தேன். பார்த்ததையும் யோசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். இதை ஃபத்வாவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்படி ஒரு நிலைமை நேர்ந்தவர் தம் மத்ஹபின் முஃப்தியிடம் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

இந்தக் கேள்வி எங்கோ பிறந்து இங்கே வந்ததல்ல. சேலத்திலிருந்து இராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூருக்கு இறங்கும் சாலை முன்பு 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. இன்று அதற்கு 44 என்று எண். சங்ககிரி வழியாகக் கோவைக்குப் போவது முன்பு 47, இன்று 544. இந்த இரண்டு சாலைகளும்தான் இந்தச் சமவெளியின் உயிர்நாடி. நாமக்கல்லில் கட்டப்பட்ட லாரி பாடிகள் நாடெங்கும் ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் தூர மாநிலங்களிலும் கிணறு தோண்டுகின்றன. முட்டை லாரி, கேஸ் டேங்கர், மோகனூர் ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர், ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய வண்டி என்று இரவில் ஓடுகிறவற்றை எண்ணி முடியாது. டிரைவராக, மெக்கானிக்காக, டிங்கர் வேலைக்காரராக, பேட்டரிக் கடைக்காரராக, சொந்த லாரி வைத்தவராக நம்மவரும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆகவே நிற்கும் வண்டியின் மஸ்அலா நம் வீட்டு மஸ்அலாதான்.

2023 செப்டம்பர் 6ஆம் தேதி விடியற்காலையில் சங்ககிரி அருகே நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் ஓர் ஆம்னி வேன் மோதியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் இறந்தார்கள். அதில் ஒன்று, ஒரு வயதுக் குழந்தை. 2025 நவம்பர் 2ஆம் தேதி ராஜஸ்தானின் பலோடி பகுதியில், கோயிலுக்குப் போய்த் திரும்பிய யாத்திரிகர்களின் வண்டி நின்றிருந்த டிரெய்லரில் மோதி பதினைந்து பேர் மாண்டார்கள். இவற்றில் யார் மீது எவ்வளவு குற்றம் என்று பிரிப்பது நீதிமன்றத்தின் வேலை; அதில் நான் தலையிடவில்லை. ஆனால் இத்தகைய செய்திகளை நாம் எப்படி எழுதுகிறோம், எப்படிச் சொல்லிக்கொள்கிறோம் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "நின்றிருந்த லாரி மீது வேன் மோதியது" என்கிறோம். வினை முழுவதும் வேனுக்கே போய்விடுகிறது. லாரி ஒன்றுமே செய்யவில்லை, சும்மா நின்றிருந்தது. நம் பேச்சிலேயே நிற்கிறவனுக்குக் குற்றமில்லை என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது.

நம்முடைய ஃபுகஹாக்கள் இப்படி நினைக்கவில்லை. மோட்டார் வண்டியைக் கனவிலும் காணாத அந்தப் பெரியவர்கள் சாலையில் நிற்கும் வாகனத்தைப் பற்றித் தெளிவாகவே பேசியிருக்கிறார்கள். அவர்கள் காலத்து வாகனம் குதிரையும் கழுதையும் ஒட்டகமும். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் முதலிய மதரஸாக்களில் ஓதிவந்தவர்களுக்கு ஹிதாயா தெரிந்திருக்கும். ஹிஜ்ரி 593இல் வஃபாத்தான இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் அந்தக் கிதாபில், பிராணிகளால் நேரும் சேதத்தைப் பற்றி ஒரு பாடம் வருகிறது. பிராணியின் மேல் ஏறிச் சாலையில் போகிறவன், அது காலால் மிதித்து உண்டாக்கும் சேதத்துக்குப் பொறுப்பாளி. ஆனால் போகிற போக்கில் அது பின்னங்காலால் உதைத்தாலோ வாலால் அடித்தாலோ அவனுக்குப் பொறுப்பில்லை. ஏனென்றால் மிதிப்பதைக் கண்ணால் பார்த்துத் தவிர்க்கலாம். ஓடும் பிராணியின் பின்னங்காலை எவரால் தடுக்க முடியும்? அதே பிராணியை அவன் சாலையில் நிறுத்திவிட்டால் சட்டம் மாறிவிடுகிறது. அப்போது பின்னங்கால் உதைக்கும் அவனே பொறுப்பு.

இதை நான் இரண்டு தடவை படித்தேன். நாம் நினைப்பதற்கு நேர் எதிராக அல்லவா இருக்கிறது! ஓடும்போது மன்னிக்கப்பட்டது நிற்கும்போது மன்னிக்கப்படவில்லை. காரணம் எளியது. சாலை போவதற்காக உள்ளது. போகாமல் இருக்க மனிதனால் முடியாது. ஆகவே போக்கில் தவிர்க்க முடியாத தீங்கை மார்க்கம் பொறுத்துக்கொள்கிறது. நடுச்சாலையில் நிற்காமல் இருக்க முடியும். ஆகவே நின்றதால் வரும் தீங்கு அனைத்தும் நிறுத்தியவன் கணக்கில் ஏறுகிறது. உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி சட்டங்களைத் திரட்டித் தொகுத்த மஜல்லாவிலும் இதையே 934ஆம் பிரிவாக வைத்தார்கள். பொதுச்சாலையில் பிராணியை நிறுத்தவோ கட்டவோ யாருக்கும் உரிமையில்லை. நிறுத்தினால் அது எப்படிச் சேதம் செய்தாலும் உடையவன் பொறுப்பு. அதற்கென்று ஒதுக்கப்பட்ட இடங்கள் மட்டும் விலக்கு. இன்றைய லாரிப்பேட்டையை அந்த விலக்கில் வைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் மூலம் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையில் இருக்கிறது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிம் கிரந்தத்தில் பதிவான ஒரு ஹதீஸில், பிரயாணத்தில் இரவில் தங்க நேர்ந்தால் பாதையை விட்டு விலகித் தங்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். இரவில் பாதை மிருகங்களின் வழியாகவும் ஊர்வனவற்றின் இடமாகவும் ஆகிவிடுகிறது என்பதை அதற்குக் காரணமாகவும் சொன்னார்கள். தங்குகிறவனின் பாதுகாப்பை முன்னிட்டே இது சொல்லப்பட்டது என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்கம் எழுதியுள்ளனர். அது சரியே. ஆனாலும் அந்தக் காரணத்தில் இன்னொரு பாடமும் எனக்குத் தெரிகிறது. நாம் படுத்துவிட்டால் பாதையும் படுத்துவிடுவதில்லை. நாம் உறங்கும் நேரத்தில் பாதைக்கு வேறு உரிமையாளர்கள் வந்துவிடுகிறார்கள். அன்று ஊர்வன, இன்று பால்காரர், காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிறவர், பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்கு விரையும் வண்டி.

பாதையோரம் உட்கார வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தபோது, எங்களுக்கு வேறு இடமில்லையே என்று ஸஹாபாக்கள் முறையிட்டதும், அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சில கடமைகளை எண்ணிச் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ். பார்வையைத் தாழ்த்துவதும் தீங்கு செய்யாதிருப்பதும் ஸலாமுக்குப் பதில் சொல்வதும் அவற்றில் உண்டு. கவனியுங்கள்: வேறு இடமில்லை என்ற நிர்ப்பந்தம் ஏற்கப்பட்டது. ஆனால் கடமை தள்ளுபடியாகவில்லை.

இன்றைக்கு அந்தக் கடமையின் ஒரு பங்கைத்தான் நம் நாட்டு மோட்டார் சட்டமும் கேட்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 109ஆம் விதி, மோட்டார் சைக்கிள் நீங்கலான பிற மோட்டார் வண்டிகளுக்கு முன்னால் இரு பக்கமும் வெள்ளை அல்லது மஞ்சள் பார்க்கிங் லைட்டும், பின்னால் இரு பக்கமும் சிவப்பு பார்க்கிங் லைட்டும் இருக்க வேண்டும் என்கிறது. அதோடு, வண்டி சாலையில் நிற்கும்போதும் அவை எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று தனியே சொல்கிறது. ஓடும் வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்பது இன்னொரு விதி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தாகும் விதத்தில் வண்டியைப் பொது இடத்தில் விட்டுவைப்பதையே தடுக்கிறது.

155 மீட்டர் என்பது வெறும் எண் அல்ல. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கிறது. 155 மீட்டர் முன்பே சிவப்பு விளக்கைக் கண்டவனுக்கு ஏழு வினாடி அவகாசம் கிடைக்கிறது. யோசித்து, பிரேக்கை மிதித்து, விலகிப் போக அது தாராளம். விளக்கில்லாத லாரியின் பின்புறமோ அழுக்குப் படிந்த கறுப்புத் தார்ப்பாய். டிம் லைட் போட்டு வருகிறவனுக்கு அது நாற்பது ஐம்பது மீட்டரில் தெரிந்தால் அதிகம். கண்டு திடுக்கிட்டுக் கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே முப்பது மீட்டர் போய்விடும். மிச்சமுள்ள தூரத்தில் எந்தக் காரும் நிற்காது.

பேட்டரி இறங்கிவிடும் என்பது டிரைவர்கள் எல்லோரும் சொல்லும் பதில். நம் பேட்டரிக் கடைச் சகோதரர் ஒருவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். நான்கு சிறு பல்புகளும் சேர்ந்து முப்பது, நாற்பது வாட். 24 வோல்ட் வண்டியில் அது ஒன்றரை ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதல். எட்டு மணி நேரம் எரிந்தாலும் பதினாலு ஆம்பியர்-மணிக்குள் அடங்கும். பெரிய லாரி பேட்டரியின் கொள்ளளவு நூற்றுக்கு மேல். நல்ல பேட்டரியானால் காலையில் ஸ்டார்ட் ஆகும். ஆகாத பேட்டரியோடு வண்டியை ரோட்டுக்கு அனுப்பியது யார் என்பதுதான் கேள்வி என்றார் அவர். அந்தக் கேள்வி டிரைவரைத் தாண்டி முதலாளி வீட்டு வாசலுக்குப் போகிறது.

கல்லும் வேப்பங்கொத்தும் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சாலைகளில் பழுதாகி நிற்கும் வண்டிக்குப் பின்னால் நாலு கல்லையும் ஒரு கொப்பையும் காணாத நாளில்லை. பிறர் மீதுள்ள அக்கறையில்தான் அதைச் செய்கிறார்கள், மறுக்கவில்லை. பகலில் அது பயன்படும். இரவில் அந்தக் கல்லைக் காட்ட இன்னொரு விளக்கு வேண்டும். பழுது பார்த்து வண்டி கிளம்பிப் போன பிறகு என்ன ஆகிறது? கல் அங்கேயே கிடக்கிறது. அதை எடுத்து ஓரம் போட டிரைவர் இறங்குவதில்லை. பாதையில் கிடந்த ஒரு முட்கிளையை அகற்றிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஈமானின் எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளில் கடைசிக் கிளை, பாதையிலிருந்து தொல்லை தருவதை நீக்குவது என்றும் வருகிறது. கொப்பை வெட்டிப் பாதையில் போட்டுவிட்டுப் போகிற நாம் எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறோம்! ரிஃப்ளெக்டர் ஒட்டிய சிவப்பு முக்கோணம் கடையில் கிடைக்கிறது. மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன்.

ஹனஃபி ஃபுகஹாக்கள் கொலையை ஐந்தாகப் பிரிக்கிறார்கள். வேண்டுமென்றே செய்வது, வேண்டுமென்றே செய்ததற்கு ஒப்பானது, தவறுதலாக நேர்வது, தவறுதல் போன்றது, காரணமாக அமைவது. நான்காவதற்கு உதாரணமாக, தூக்கத்தில் புரண்டு பக்கத்தில் படுத்தவரை நசுக்கிவிடுகிறவனைச் சொல்வார்கள். தூக்கத்தில் இருந்தாலும் அவன் உடம்பே கொன்றது. ஆகவே அவனுக்கு தியத்தும் உண்டு, கஃப்பாராவும் உண்டு. "நான் தூங்கிட்டுத்தானுங்க இருந்தேன்" என்றாரே, அந்தச் சொல் மட்டும் அவரைக் காப்பாற்றாது. ஆனால் அவருடைய நிலைமை ஐந்தாவது வகை. அதற்குக் கிதாபில் வரும் உதாரணம், தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் குழி தோண்டியவன், கல்லை வைத்தவன். ஆம், கல்தான்! ஒருவர் வந்து குழியில் விழுந்தோ கல்லில் இடறியோ இறந்துபோனால், அந்த மரணத்துக்கான தியத் கடமையாகிறது. கஃப்பாரா கடமையில்லை என்பது நம் ஹனஃபி இமாம்களின் முடிவு. ஷாஃபிஈ மத்ஹபில் இதையும் தவறுதலான கொலையோடு சேர்த்துக் கஃப்பாராவைக் கடமையாக்குகிறார்கள். அதாவது அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் வரும் தொடர் இரண்டு மாத நோன்பு. சேலம், நாமக்கல் பக்கத்தில் ஹனஃபிகளே அதிகம். கடலோர ஊரிலிருந்து வந்து இங்கே டிரைவர் வேலை பார்க்கும் ஷாஃபிஈ சகோதரருக்குப் பதில் வேறாகும்.

இத்தோடு நின்றிருந்தால் நானும் நிம்மதியாகக் கிதாபை மூடியிருப்பேன். ஹிதாயாவில் அந்த இடத்திலேயே இன்னொரு கருத்தும் இருக்கிறது. குழி தோண்டியவன் அந்த மரணத்தால் பாவியாவதில்லை. தனக்கு உரிமையில்லாத இடத்தில் தோண்டியதால்தான் பாவியாகிறான் என்பது அதன் சாரம்.

இதன் பொருளை மெல்ல மெல்லத்தான் உணர்ந்தேன். கடன் வேறு, பாவம் வேறு. ஆள் விழுந்தால் கடன் பிறக்கிறது. தோண்டினாலே பாவம் பிறந்துவிடுகிறது. அப்படியானால் அன்றிரவு மோட்டார் சைக்கிள்காரர் வந்திருக்காவிட்டாலும் அந்தச் சகோதரரின் பாவத்தில் குறைவு இல்லை. வந்ததால் கூடியதும் இல்லை. அவர் நெஞ்சை அழுத்தும் கொலைப் பாவம் என்ற பாறை அவர் நினைப்பது போல் அவர் மேல் இல்லை. ஆனால் அதே இரவில் அதே சாலையில் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கி, காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பிய மற்ற டிரைவர்கள் மேல் அவர் மேல் இருப்பது அத்தனையும் இருக்கிறது. அவர்கள் அதை அறியவில்லை, அவ்வளவுதான். நாம் விபத்து நடந்தவனைப் பாவியாகவும் நடக்காதவனை நல்லவனாகவும் பார்க்கிறோம். மோதிய ஆளும் மோதாத ஆளும் அல்லாஹ்வின் ஏற்பாடு. வண்டியை எங்கே, எப்படி நிறுத்தினோம் என்பது மட்டுமே நம்முடைய செயல்.

வேகமாக வந்தவனுக்குப் பொறுப்பே இல்லையா என்று லாரிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடித்துவிட்டு, அல்லது கைபேசியைப் பார்த்துக்கொண்டு வந்து மோதுகிறவன் தன் பங்கைச் சுமப்பான். பாதையில் கிடப்பதைக் கண்டும் வேண்டுமென்றே அதன் மேல் ஏறி விழுந்தவனுக்கு வைத்தவன் பொறுப்பல்ல என்று ஃபுகஹாக்களும் சொல்லியிருக்கிறார்கள். கண்டும் என்பதுதான் அதில் உயிரான சொல். விளக்கை அணைத்தவன், காணும் வாய்ப்பையே அடுத்தவனிடமிருந்து எடுத்துவிடுகிறானே! 1991 ஆகஸ்டில் நெடுஞ்சாலை நடுவே எந்த எச்சரிக்கையுமின்றி விட்டுச் செல்லப்பட்ட டிரெய்லரில் ஒரு கார் மோதிய வழக்கு, 2024 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கார் டிரைவருக்கும் பாதிப் பொறுப்பு என்று கீழே சொன்னதைத் தள்ளி, டிரெய்லர் தரப்பே முழுப் பொறுப்பு என்று தீர்ப்பானது. இடையில் முப்பத்து மூன்று வருடம் போய்விட்டது. இறந்தவர் வீட்டில் அன்று கைக்குழந்தையாக இருந்தவரும் இன்று நடுவயதை எட்டியிருப்பார். சாலையை மறிப்பதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 283ஆம் பிரிவின்படி இருந்த அபராதம் இருநூறு ரூபாய். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது ஐயாயிரம் வரை. ஹக்குல் இபாத் என்னும் அடியார்கள் கடனை இந்தத் தொகையால் தீர்த்துவிட முடியும் என்று எவரும் நினைக்க மாட்டார்கள்.

டிரைவர் ஒருவரையே பிடித்துக்கொள்வதும் நீதியாகாது. கண் சொருகும்போது அவர் எங்கே நிறுத்துவார்? இடம் விட்டுக் கட்டாத சாலை, நேரத்துக்குச் சேராவிட்டால் வாடகையில் பிடிக்கும் புக்கிங் ஆபீஸ், கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் முதலாளி என்று பலருடைய கை அந்த வண்டியை அங்கே நிறுத்தியிருக்கிறது. ஜகாத் கணக்கைக் காசு பிசகாமல் பார்க்கும் நம் லாரி உரிமையாளர்கள் வண்டியின் பின் விளக்கு எரிகிறதா என்று எத்தனை முறை இறங்கிப் பார்த்திருக்கிறார்கள்? ஒரு பல்பின் விலை என்ன பெரிய விலை!

லாரியே இல்லாத வீட்டாருக்கு இதில் வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். தராவீஹ் இரவுகளில் பள்ளிவாசல் முன்னே மெயின் ரோட்டில் பாதி வரை நிற்கும் கார்களையும் வேன்களையும் நான் மிஹ்ராபிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் பார்க்கிறேன். உள்ளே வரிசை நேராக இருக்கிறதா என்று தோளைத் தொட்டுப் பார்க்கிறோம். வெளியே வண்டி வரிசையைத் தொட்டுப் பார்ப்பார் இல்லை. இதை ஜமாஅத் கூட்டத்தில் பேசுவதாக முத்தவல்லி சொல்லியிருக்கிறார். கல்யாண மண்டபங்களின் வாசலைப் பற்றி எழுதப் புகுந்தால் தனிக் கட்டுரையாகிவிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அந்தச் சகோதரர் வந்தார். கிதாபில் கண்டதைச் சொன்னேன். கொலைகாரர் அல்ல என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. தியத் விஷயத்தில், கோர்ட் மூலம் கிடைத்த தொகை மார்க்கத்தில் போதுமா என்பதை முஃப்தியிடம் கேட்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அது எப்படியானாலும் இறந்தவர் வீட்டுக்கு நேரில் ஒரு முறை போய் வாருங்கள், பணம் போய்ச் சேர்ந்தது, நீங்கள் இன்னும் போகவில்லை என்றேன். தலையாட்டினார். நோன்பு கடமையில்லாவிட்டாலும் திங்களும் வியாழனும் வைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

பிறகு பாவம் என்பது நிறுத்தியதில்தான் என்ற பகுதியைச் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் மனம் தயங்கியது. கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"அப்படீன்னா மத்த ராத்திரிகளுக்கு என்னங்க ஹஜ்ரத்? பதினாறு வருசமா அப்படித்தானுங்க நிறுத்தியிருக்கேன்."

"தவ்பா செய்யுங்க தம்பி. இனிமே விளக்கு போடாம நிக்கிறதில்லைன்னு உறுதி எடுத்துக்குங்க."

"போட்டுட்டேனுங்க. பேட்டரி மாத்தித் தந்தாத்தான் ஏறுவேன்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். ஆனா ஒரு தடவைங்க, தொப்பூர் தாண்டி இப்படித்தான் நிறுத்திப் படுத்திருந்தேன். ஒரு காரு பக்கத்துல உரசினாப்பல வந்து, கிறீச்சுன்னு திரும்பிப் போச்சு. உள்ளே கொழந்தை வீறிட்டு அழுத சத்தம் கேட்டுதுங்க. நான் எந்திரிச்சு ஜன்னல் வழியா அவங்களைத்தான் திட்டினேன், கண்ணு தெரியலையாடான்னு. அவங்க எந்த ஊரோ, யாரோ. அவங்களை எங்கே போய்த் தேடறதுங்க?"

எனக்கு எந்தக் கிதாபும் நினைவுக்கு வரவில்லை. மஃக்ரிபுக்குப் பாங்கு சொல்ல மோதினார் வந்துவிட்டார். இருவரும் ஒளூச் செய்ய எழுந்தோம்.